தோல் ஒட்டுவது தொடுவதற்கு, பூட்டி வைப்பதற்கு அல்ல

கொஞ்சம் நீளமான பதிவு. காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

இன்று டேப் மேல் ஒட்டுகிறோமே, கண்ணாடி மாதிரி ஒரு தோல், அதைப் பற்றி எழுதப் போகிறேன். "டீச்சருக்கு ரிட்டயர் ஆனதும் எழுத விஷயமே கிடைக்கவில்லை போல" என்று சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள். எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

சண்டை எதற்கு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் சொந்தபந்த வீடுகளில் நான் பார்க்கிற டேப்புகளில் பாதிக்குமேல் பீரோவில்தான் இருக்கின்றன. சிங்கப்பூரிலிருந்து மகன் வாங்கி அனுப்பியது, துபாயிலிருந்து மாப்பிள்ளை கொண்டுவந்தது, பேத்தியின் படிப்புக்கென்று தவணையில் வாங்கியது. கடைக்குப் போய்த் தோல் ஒட்டி, பின்பக்கம் உறை போட்டு, மேலே மூடி போட்டு, வந்த அட்டைப் பெட்டியிலேயே திரும்ப வைத்து, பட்டுச் சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டியாயிற்று. "பிள்ளை கேட்டால்?" என்றால், "அது கையில் கொடுத்தால் கீறிப்போடும் டீச்சர்" என்று பதில் வருகிறது.

கீறிவிடும் என்றுதானே தோல் ஒட்டினீர்கள்? ஒட்டிய பிறகும் கீறிவிடும் என்று பூட்டினால் அந்தத் தோல் எதற்கு? மழைக்குக் குடை வாங்கிவிட்டு, குடை நனைந்துவிடும் என்று வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதைப் பாதுகாப்பு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

என்னிடம் படித்தவர்களுக்கு ஜூன் மாதம் ஞாபகம் இருக்கும். புதுப் புத்தகம் கொடுத்த அன்றே காக்கி அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, பெயர் எழுதிக் கொண்டுவரச் சொல்வேன். அட்டை போடாத புத்தகம் அரைப் பரீட்சைக்குள் முனை மடங்கி, முதல் பாடம் கிழிந்து நிற்கும். அட்டை போட்டால் பையில் திணிக்கலாம், திண்ணையில் போடலாம், தலைக்கு வைத்துத் தூங்கலாம், ஆண்டு முடிவில் தம்பிக்கும் கொடுக்கலாம். அட்டை போட்டுவிட்டு, புத்தகம் அழுக்காகும் என்று பள்ளிக்கூடத்துக்கு எடுத்து வராத பிள்ளை ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. பிள்ளைகளுக்குத் தெரிந்த இந்த நியாயம் பெரியவர்களுக்கு ஏன் மறந்துபோகிறது?

மறந்துபோகும் என்பதை நான் வேலையில் சேர்ந்த காலத்திலேயே பார்த்தேன். 1986 தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி, 1987-88இல் மத்திய அரசு கரும்பலகைத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கியது. ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் குறைந்தது இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், அதோடு கற்பிக்கும் சாமான்கள். உலக உருண்டை, வரைபடங்கள், அறிவியல் பெட்டி, கணக்குப் பெட்டி, விளையாட்டுச் சாமான், இசைக்கருவி எல்லாம் வந்தன. ஆசிரியர் பயிற்சியில் சுண்ணாம்புக்கட்டியும் பனங்கொட்டையும் வைத்துப் பாடம் நடத்தப் பழகிவந்த எங்களுக்கு அது திருவிழா.

ஆனால் பல பள்ளிகளில் அந்தப் பெட்டி திறக்கப்படவில்லை. இருப்புப் பதிவேட்டில் "உலக உருண்டை 1" என்று ஏறிவிட்டது. உடைந்தால் யார் பதில் சொல்வது, சம்பளத்தில் பிடித்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அதனால் உருண்டை பாலித்தீன் உறை பிரிக்காமல் பீரோ மேலே உட்கார்ந்திருந்தது. ஆய்வுக்கு வருகிறவர் எண்ணிப் பார்த்து "சரி" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். உருண்டை பத்திரம், பதிவேடு பத்திரம். பூமி சாய்ந்து சுற்றுவதைக் கையால் சுற்றிப் பார்க்காமலேயே ஐந்தாம் வகுப்பைத் தாண்டிப் போனார்கள் பிள்ளைகள். உடைந்த உருண்டையால் வந்த நஷ்டம் எவ்வளவு என்று கணக்கு எழுத முடியும். உடையாத உருண்டையால் வந்த நஷ்டத்தை எந்தப் பதிவேட்டில் எழுதுவது?

இப்போது அரசு தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு டேப் கொடுத்திருக்கிறது. என் மாணவர்களில் இன்று ஆசிரியராக இருப்பவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். அதே பயம் உங்கள் கைக்கும் வந்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். வருகைப் பதிவுக்கு மட்டும் எடுத்து, மீதி நேரம் பூட்டி வைத்தால் அதுவும் பீரோ மேல் இருந்த உருண்டைதான்.

சரி, இந்தத் தோல் என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரிந்துகொண்டால் பயம் பாதி போய்விடும். கொஞ்சம் அறிவியல் பாடம்.

டேப் வாங்கும்போது மேலே ஒரு மெல்லிய தாள் ஒட்டி வருகிறதே, அது வழியில் வரும்போது கீறாமல் இருக்க ஒட்டியது. காப்புத் தோல் அல்ல. அதை எடுக்காமல் ஆறு மாதம் வைத்திருப்பவர்கள் நம்மில் உண்டு. ஓரம் கிளம்பி, உள்ளே தூசி புகுந்து, விரல் வைத்த இடம் ஒன்று, திறக்கிற இடம் ஒன்று என்று ஆகிவிடும். தயவுசெய்து உரித்துப் போடுங்கள்.

கடையில் விற்பது பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று டெம்பர் கிளாஸ் என்கிற கண்ணாடி. சாதாரணக் கண்ணாடியைவிட உறுதியாக்கப்பட்டது. வெடியுப்பு என்று நாம் சொல்கிற பொட்டாசியம் நைட்ரேட்டை உருக்கி, அதில் கண்ணாடியை முக்கி வைப்பது ஒரு முறை. கண்ணாடியின் மேல்பரப்பில் இருக்கிற சின்ன சோடியம் அயனிகள் வெளியேறி, பெரிய பொட்டாசியம் அயனிகள் அந்த இடத்தில் வந்து நெருக்கி உட்காரும். கூட்டமான பஸ்ஸில் ஒல்லியான ஆள் இறங்கிய இடத்தில் பருத்த ஆள் ஏறி உட்கார்ந்த மாதிரி. அந்த நெருக்கம்தான் உறுதி.

இன்னொன்று வளைகிற தோல். பாலியூரித்தேன் என்ற பொருள். வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவ ஹெலிகாப்டர்களின் சுழல் இறக்கைகளை மணலும் கல்லும் அரிக்காமல் இருக்கச் செய்த தோலிலிருந்து வந்த வம்சம் அது. பிறகு கார் முகப்புக்கு வந்தது, அப்புறம் கைப்பேசிக்கும் டேப்புக்கும் வந்தது. ரப்பர் போலக் கொஞ்சம் இழுபடும் என்பதால் சின்னக் கோடு விழுந்தாலும் பெரும்பாலும் தானே மறையும். அந்தத் தோல் ஒட்டிய ஹெலிகாப்டரை யாரும் கொட்டகையில் பூட்டி வைக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

கடைக்காரர் "9ஹெச் கிளாஸ் அக்கா, சுத்தியலால் அடித்தாலும் ஒன்றும் ஆகாது" என்பார். அந்த 9ஹெச் என்பது பென்சிலின் அளவு. நாம் படம் வரைகிற பென்சிலில் 9பி மிக மென்மை, 9ஹெச் மிகக் கடினம். அந்தப் பென்சிலால் கீறினால் கோடு விழாது என்பதே அதன் அர்த்தம். கண்ணாடி என்றாலே எந்தப் பென்சிலையும்விடக் கடினம்தான். ஆகவே அந்த எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

உண்மையான எதிரி வீட்டுச் சாவியோ காசோ அல்ல. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கிற மோஸ் அளவுகோலில் கண்ணாடி ஏறக்குறைய 5.5. பித்தளைச் சாவி அதற்குக் கீழே. மணலில் இருக்கிற குவார்ட்ஸ் 7. அதாவது முற்றத்தில் காற்றோடு வந்து விழுகிற ஒரு மணல் துகள், உறைக்கும் திரைக்கும் நடுவில் சிக்கித் தேய்ந்தால் கோடு போடும். செம்மண்ணும் சரளையும் நிறைந்த நம் சிவகங்கைச் சீமையில் இதற்குப் பஞ்சமில்லை. தோல் அந்தக் கோட்டைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும். கீழே விழுந்தால் உடையாமல் காப்பது தோலின் வேலை அல்ல. அதற்கு முனைகளில் தடித்த ரப்பர் உறை வேண்டும். இரண்டும் போட்டால் ஒரு ஆறு வயதுப் பிள்ளை கையில் தாராளமாகக் கொடுக்கலாம்.

ஒட்டுவதற்குக் கடைக்கே போக வேண்டும் என்பதில்லை. வளைகிற தோலில் ஈரமாக ஒட்டும் வகை உண்டு. நானே இரண்டு தடவை ஒட்டியிருக்கிறேன். கண்ணாடி வகைக்கு இது பொருந்தாது, அதற்குத் தண்ணீரே கூடாது. பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் படியுங்கள். பரீட்சையில் கேள்வியைப் படிக்காமல் பதில் எழுதினால் நான் என்ன சொல்வேன் என்று தெரியும்தானே.

ஈர வகைக்கு, ஃபேனை நிறுத்தி ஜன்னலைச் சாத்துங்கள். தரையை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், தூசி எழும்பாது. டேப்பை அணைத்து, சார்ஜ் போடுகிற துளையில் ஒரு துண்டு டேப் ஒட்டி மறையுங்கள். மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணியால் திரையைத் துடைத்து, மிச்சத் தூசியை ஒட்டுத்தாளால் ஒற்றி எடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கூடவே திரவம் கொடுத்திருந்தால் அதையும், இல்லையென்றால் ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு மூன்று சொட்டுக் குழந்தை ஷாம்பூ கலந்ததையும் தோலின் பசைப் பக்கத்தில் தெளியுங்கள். டேப் மேல் தெளிக்கவே கூடாது. ஈரம் இருக்கும்வரை தோல் வழுக்கும், நகர்த்தி ஓரம் பார்த்துப் பொருத்தலாம். அப்புறம் பழைய ஏ.டி.எம். கார்டில் துணி சுற்றி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளுங்கள். கோலத்துக்கு நடுப்புள்ளியிலிருந்து விரிக்கிற மாதிரி. ஒரு நாள் அணைத்தே வையுங்கள். மங்கலும் சின்னச் சின்னக் குமிழும் ஓரிரு நாளில் தானே போகும். உள்ளே மாட்டிய தூசி மட்டும் போகாது.

ஒரு தூசி மாட்டிவிட்டதா? மாட்டட்டும். அதற்காகத் தோலை உரித்துப் புதுத்தோல், அதிலும் ஒரு குமிழ் என்று அழாதீர்கள். திரை வெளிச்சத்தில் அது தெரியாது. குறையில்லாமல் ஒட்ட வேண்டும் என்று மூன்று மணி நேரம் செலவழித்துவிட்டு, அந்தச் சாமானில் மூன்று நிமிடம்கூடப் படிக்காதவர்களை எனக்குத் தெரியும். அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

இன்னொன்று கேளுங்கள். பூட்டி வைத்தால் பத்திரம் என்பதே தவறு. டேப்புக்குள் இருப்பது லித்தியம் பேட்டரி. சார்ஜ் தீர்ந்த நிலையில் மாதக்கணக்கில் பீரோவில் கிடந்தால் அதன் மின்னழுத்தம் மிகக் கீழே இறங்கிவிடும். அப்புறம் சார்ஜ் ஏறாமல் போகலாம், உப்பியும் போகலாம். நீண்ட நாள் வைக்க வேண்டுமென்றால் பாதி சார்ஜில் அணைத்து, வெயில் படாத இடத்தில் வைத்து, சில மாதத்துக்கு ஒருமுறை ஏற்ற வேண்டும். நம் பீரோக்காரர்களில் எத்தனை பேர் இதைச் செய்கிறீர்கள்? மேலே தோல் பளபளவென்று இருக்கும், உள்ளே உயிர் போயிருக்கும்.

இதை மற்றவர்கள் மறந்தாலும் காரைக்குடிக்காரர்கள் மறக்கக் கூடாது. 1948இல் நேரு அடிக்கல் நாட்டி 1953இல் திறக்கப்பட்ட சிக்ரி நம் ஊரில் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த நிலையம். இரும்பு துருப்பிடிப்பதைத் தடுப்பதும், பேட்டரியும் அங்கே நடக்கிற ஆராய்ச்சிகள். மேல்பூச்சு எதற்கு என்று அந்தத் துறைக்காரர்கள் யாரையும் கேளுங்கள். பாம்பன் ரயில் பாலத்துக்குத் திரும்பத் திரும்ப வர்ணம் அடித்தது, உப்புக் காற்றில் நின்று ரயிலைச் சுமக்கத்தான். 1914 முதல் 2022 வரை அந்தப் பழைய பாலம் சுமந்தது. வர்ணம் அடித்தோமே, ரயில் போனால் வர்ணம் உரிந்துவிடும் என்று யாரும் ரயிலை நிறுத்தவில்லை.

அதைவிட நம் வீடுகளே சாட்சி. ஆத்தங்குடிக் கல் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம் வைத்து, வர்ணச் சிமெண்ட் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு எடுத்துத் தண்ணீரில் ஊற வைப்பார்கள். கண்ணாடியின் வழவழப்புதான் கல்லுக்கு வருகிறது. அதற்கு மேல் மெருகு எங்கே வரும்? மனிதர்கள் காலில். நடக்க நடக்க, துடைக்கத் துடைக்க அந்தத் தரை மின்னும். ஆள் இல்லாத வீட்டில் அதே கல் தூசி படிந்து மங்கிக் கிடக்கும்.

செட்டிநாட்டு ஊர்க்கூட்டம் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறியது. பெருமைதான். ஆனால் அந்த ஊர்களில் தெருத்தெருவாகப் பூட்டுத் தொங்குகிறது. தேக்குக் கதவு பத்திரம், பூட்டுப் பத்திரம். உள்ளே ஓடு நழுவி மழை இறங்கி, கரையான் ஏறிக் கொண்டிருக்கிறது. ஒரு குடும்பம் குடியிருந்து அடுப்புப் புகைந்த வீடு நூறு வருஷம் தாண்டியும் நிற்கிறது. முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போய்ப் பாருங்கள். சீராக வந்து அறையில் அடுக்கி, அடுப்பில் ஏறாத எனாமல் சட்டிகள், தூக்குவாளிகள். "பேத்திக்கு ஆகும்" என்று எடுத்து வைத்ததுதான் எல்லாம். பேத்திக்கு ஆகவில்லை, வெளியூர்ச் சுற்றுலாக்காரர் வீட்டு வரவேற்பறைக்கு ஆயிற்று. அந்தச் சட்டிக்காவது நூறு வருஷம் ஆயுள். உங்கள் டேப்புக்கு எத்தனை வருஷம்? சில வருஷத்தில் புதுச் செயலிகள் அதில் ஏறாமல் போகலாம். கீறல் இல்லாமல் செத்துப்போன டேப்பை வைத்து என்ன செய்வீர்கள்?

இப்போது உங்கள் பதில்கள் எனக்குக் கேட்கின்றன.

"கையில் கொடுத்தால் ரீல்ஸ்தான் பார்க்கும் டீச்சர்." நியாயமான பயம். இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம், 2 முதல் 4 வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. நானும் அதையே சொல்வேன். அதற்கு மருந்து நேரம் வைப்பதும் பக்கத்தில் உட்காருவதும். கீறலுக்குப் பயந்து பூட்டுகிறவர், அதைப் பிள்ளையின் நன்மைக்காகச் செய்ததாகச் சொல்லக் கூடாது. இரண்டும் வேறு.

"விலை அதிகம் டீச்சர், உடைந்தால் திரும்ப வாங்க முடியுமா?" முடியாதுதான். அதனால்தான் தோலும் உறையும் போடுங்கள் என்கிறேன். கஷ்டப்பட்டு வாங்கிய பொருள் என்றால் அதிகமாகப் பயன்படுத்த வேண்டும், குறைவாக அல்ல.

"பழசானால் விற்கும்போது விலை போகாது." அப்படியானால் நீங்கள் வாங்கியது உங்கள் பேத்திக்கு அல்ல, அடுத்து வாங்கப் போகிறவருக்கு. முகம் தெரியாத அந்த ஆளுக்காக உங்கள் பேத்தி ஏன் காத்திருக்க வேண்டும்?

"அரசாங்கச் சாமான், உடைந்தால் என் தலையில் விழும்." ஆசிரியப் பிள்ளைகளே, இதை நான் சுலபமாகத் தள்ள மாட்டேன். தோல் ஒட்டுங்கள், உறை போடுங்கள், எந்தத் தேதியில் எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பாடம் நடத்தும்போது பழுதானால் அந்த நோட்டு உங்களுக்காகப் பேசும். அதிகாரியாக இருக்கிற என் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஆய்வுக்குப் போகும்போது "எத்தனை இருக்கிறது" என்று எண்ணாதீர்கள். "கடைசியாக எந்தப் பிள்ளை தொட்டது" என்று கேளுங்கள். கீறலே இல்லாத டேப்பைக் கண்டால் பாராட்டாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

டேப்பில் செய்ய என்ன இருக்கிறது என்பவர்களுக்கு: 2018இல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு இருக்கிறது, காட்டினால் பாடத்தின் காணொளி திறக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் காசில்லாமல் கிடைக்கின்றன. எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம். கண் மங்கிய அப்பத்தாக்களுக்கு இதைவிடப் பெரிய உதவி ஏது? பேத்திக்கு மட்டும் அல்ல, உங்களுக்கும்தான் சொல்கிறேன்.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுப்பாடம். பீரோவைத் திறங்கள். டேப்பை எடுத்துச் சார்ஜ் போடுங்கள். தொழிற்சாலைத் தாளை உரியுங்கள். தோல் இல்லையென்றால் ஒட்டுங்கள், ஒரு குமிழ் நின்றால் நிற்கட்டும். அதற்குப் பிறகு அதைப் பெட்டியில் வைக்காதீர்கள். பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டு, டேப்பைப் பிள்ளை கைக்கு எட்டுகிற அலமாரியில் வையுங்கள்.

செய்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். செய்யாதவர்கள் காரணம் எழுதுங்கள், பதில் சொல்லக் காத்திருக்கிறேன். ரிட்டயர் ஆனாலும் திருத்துகிற சிவப்புப் பேனா இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
காரைக்குடி